தேங்க்ஃபுல் ஹோல்ட் எல்லையைக் கடந்தாளா?

1

"நான் ஓட மாட்டேன்" என்று ஒரு பெண் சொன்னதிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. அதற்கு முன் என்னிடம் கதை எதுவும் இல்லை. ஆரஞ்சு நிற உடுப்பு ஒன்றும், கார்களை நிறுத்தும் பலகை ஒன்றும்தான் இருந்தன.

சொன்னவர் டோரீன் பிக்ஸ்பி. என் பக்கத்து வீட்டுக்காரர். அறுபதைத் தாண்டி நெடுநாளாயிற்று. சொன்ன இடம் அமெரிக்காவில் எங்கள் விண்ட்லோ ஊர் எல்லையில் சிப்மன் குடும்பத்தாரின் புல்வயல். ஏப்ரல் கடைசி. பனி உருகி மண் சொதசொதவென்று கிடந்தது. டோரீன் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மோஸ்தரில் கம்பளிப் பாவாடை கட்டி, அதற்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். எதிரே நீலக் கோட்டும் முக்கோணத் தொப்பியுமாக ரஸ் லாத்ராப். கையில் ஆளுயரத் துப்பாக்கி.

"முழங்கால் வலின்னா நடந்தே போ டோரீன். கொஞ்சம் வேகமா நடந்தாப் போதும்" என்றார் ரஸ்.

"என் முழங்காலுக்கு என்ன கேடு? உன்னைவிட நல்லாவே ஓடுவேன். ஓட முடியாதுன்னு சொல்லல. ஓட மாட்டேன்னு சொல்றேன்."

[இவர்கள் பேசுவது ஆங்கிலம். அதில் 'நீ'யும் 'நீங்க'ளும் ஒன்றுதான். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு வளர்ந்த இரண்டு பேர் தமிழில் 'நீ' என்றுதான் பேசுவார்கள். நான் மட்டும் டோரீனை 'நீங்க' என்பேன்.]

2

எப்படித் தொடங்குவது என்று பலமுறை முயன்றேன். கைவிட்டவற்றில் இரண்டை இங்கே விட்டுவைக்கிறேன்.

"1776ஆம் வருஷக் கோடையில், கனடாவில் தோற்றுத் திரும்பிய படையிலிருந்து ஒரு சிப்பாய் பெரியம்மையோடு தன் ஊர் எல்லைக்கு வந்து சேர்ந்தான். ஊர் அவனை உள்ளே விடவில்லை."

[மோசமில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் எடுத்த எடுப்பிலேயே ஊரின் மேல் கோபப்பட்டுவிடுவீர்கள். அது எனக்கு உதவாது.]

"தொப்பியைத் தலையில் வைத்ததும் ரஸ் லாத்ராப்புக்குத் தான் கூரை போடுகிறவர் என்பதே மறந்து —"

[இதில் ரஸ் கோமாளியாகிறார். முதல் வரைவு முழுவதும் அப்படித்தான் இருந்தது: கூட்டத்தை அழவைக்கத் துடிக்கும் ஒரு வேஷக்காரர், அவரை எதிர்க்கும் ஒரு நேர்மையான பெண். எழுதி முடித்தபோது கதை காகிதப் பூ மாதிரி இருந்தது. காரணம் எனக்கே தெரியும். நான் ஒரு ஏணியைக் கதைக்கு வெளியே வைத்துவிட்டிருந்தேன். அது வரும்.]

ஆகவே நேராகச் சொல்கிறேன். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாள். காலையில் அணிவகுப்பு முடிந்ததும், இங்கிலாந்துக்கு எதிரான விடுதலைப் போரில் உயிர்விட்ட எங்கள் ஊர்ச் சிப்பாய்களின் கல்லறைகளுக்கு ஒரு நடை உண்டு. ரஸ்தான் நடத்துகிறவர். மத்தளமும் குழலும் முன்னே போக, வெள்ளைத் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய இடுகாட்டில் கல் கல்லாக நின்று, அங்கே படுத்திருப்பவன் யார், எந்தச் சண்டையில் விழுந்தான் என்று சொல்வார். வேடம் கட்டிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அதை நடித்துக் காட்டுவார். சின்னக் கொடி ஒன்று ஊன்றப்படும். ஒரு வெடி. பிறகு அடுத்த கல்.

கடைசிக் கல் மட்டும் இடுகாட்டில் இல்லை. மாநிலச் சாலையைக் கடந்து வயலோரம் போக வேண்டும். அந்த இடத்தில் கார்களை நிறுத்துவதுதான் என் வேலை.

அந்தக் கல்லில் இருப்பது இவ்வளவே: ஜோதம் ஹோல்ட், வடக்குப் படையில் பணியாற்றியவன், பெரியம்மையால் இங்கே இறந்தான். 'இங்கே' என்றால் இங்கேதான். ஊருக்கு வெளியே, புல்லில். அம்மையில் செத்தவனை இடுகாட்டுக்குத் தூக்கிப்போக யாரும் துணியவில்லை.

அவன் மனைவி பெயர் தேங்க்ஃபுல்.*

* நன்றியுள்ளவள் என்று பொருள். அந்தக் காலத்து விண்ட்லோவில் பெண்களுக்கு நன்றி, பொறுமை, கருணை என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். ஆண்களுக்கு வேதாகமத்திலிருந்து பெயர் எடுத்தார்கள். குணங்களைச் சுமக்கிற பொறுப்பைப் பெண்களிடம் தள்ளிவிட்டார்கள் போலிருக்கிறது.

தேங்க்ஃபுல் பல வருஷம் கழித்து, கிழவியாகி, இடுகாட்டிலேயே புதைக்கப்பட்டாள். கைக்குழந்தை ஒன்று இருந்தது என்பது தெரியும். ஊர் உள்ளே விடாமல் அவன் எல்லையில் கிடந்தபோது அவள் என்ன செய்தாள் என்பது யாருக்கும் தெரியாது.

ரஸ்ஸின் நடையில் மட்டும் தெரியும். காவலாளி துப்பாக்கியைக் குறுக்கே நீட்டுவான். தேங்க்ஃபுல் கெஞ்சுவாள். சட்டென்று குனிந்து துப்பாக்கிக்கு அடியில் நுழைந்து, வயலின் குறுக்கே ஓடி, கல்லின் மேல் விழுந்து அழுவாள். கூட்டம் மூக்கை உறிஞ்சும். வருஷா வருஷம் இதை நடித்து வந்த பெண்மணி ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனதால்தான், அதுவரை உடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த டோரீனை ரஸ் பிடித்து இழுத்தார்.

3

அன்று வயலில் ஒத்திகை அதோடு முடிந்தது. ரஸ் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். டோரீனை என் காரில்தான் கூட்டிவந்தேன்.

"உள்ள வா. ருபார்ப் பை இருக்கு" என்றார்.

சமையலறை மேசையில் பாவாடையோடேயே உட்கார்ந்து, புளிப்புத் தண்டைச் சர்க்கரையோடு மாவுக்குள் வைத்துச் சுட்ட அந்தப் பலகாரத்தில் ஒரு துண்டை வெட்டி என் பக்கம் தள்ளினார். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

"கிளிஃப் போனப்ப நீ இங்கதானே இருந்த?"

இருந்தேன். அவர் கணவர் கிளிஃப், ஊருக்கெல்லாம் தபால் கொடுத்தவர். பக்கவாதம் வந்தபின் ஊர்க்கோடி முதியோர் இல்லத்தில் இருந்தார். 2020 வசந்தத்தில் கொரோனா வந்து கதவுகளை அடைத்தபோது, டோரீன் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே போய், கிளிஃபின் ஜன்னலுக்கு வெளியே பூப்பாத்தியில் நின்றுகொண்டு, மூடிய கண்ணாடியைப் பார்த்து ஊர்ச் செய்தியெல்லாம் கத்துவார். கிளிஃபுக்கு ஏற்கெனவே காது மந்தம். அந்த வழியாகப் போகிற எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம். பாவம், உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்று பேசிக்கொண்டோம்.

"விட்டாங்க" என்றார் டோரீன்.

எனக்குப் புரியவில்லை.

"கடைசியில ஃபோன் பண்ணாங்க. முடியப்போகுது, ஒருத்தர் மட்டும் வரலாம், கவசம் எல்லாம் தர்றோம்னாங்க. ஆனா வந்துட்டுப் போனா கொஞ்ச நாளைக்கு வீட்ல யார் பக்கத்துலயும் போகக் கூடாதுன்னாங்க. என் பொண்ணு பெக் அப்ப இந்த வீட்லதான் இருந்தா. புற்றுநோய்க்கு மருந்து ஏத்திக்கிட்டு. ஒரு தும்மல் ஆகாது அவளுக்கு. அவளைக் குளிப்பாட்டி விடறது நான், சோறு ஊட்டறது நான்." பாவாடை நுனியிலிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். "வரலன்னு சொல்லிட்டேன்."

நான் அந்தத் துண்டைத் தின்று முடித்தேன். ருசி தெரியவில்லை.

"பெக்குக்குத் தெரியாது. அப்பாவைப் பார்க்க என்னை விடலன்னுதான் அவ நினைச்சுட்டிருக்கா. அது அப்படியே இருக்கட்டும்." எழுந்து தட்டை எடுத்தார். "நான் போகல. இந்தத் தேங்க்ஃபுல்லுக்குக் கையில குழந்தை. அவ மட்டும் எப்படிப் போவா? அவ போனான்னு நான் ஓடிக் காட்டினா, அப்ப நான் யாரு?"

(இதையெல்லாம் நான் எழுதலாமா என்று பிற்பாடு கேட்டேன். டோரீன் யோசித்துவிட்டு, "உன் பாஷையில எழுது. இங்க ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது" என்றார். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ருபார்ப் பையை மாற்றவில்லை.)

4

இப்போது ஏணி.

ரஸ்ஸின் தாயாரும் அதே இல்லத்தில்தான் இருந்தார். மாடியில். அதே வசந்தத்தில் ஒரு நாள் காலை ரஸ் தன் லாரியிலிருந்து நீள ஏணியை இறக்கிச் சுவரில் சாய்த்து, மேலே ஏறி, ஜன்னல் வலையைக் கழற்றி உள்ளே இறங்கி, அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வந்து அழைத்துப் போகும்வரை அம்மாவின் கையை விடவில்லை. ஊரே கொண்டாடியது. மாதக்கணக்கில் அவருக்குக் காப்பி இலவசம்.

ஏணியும் பூப்பாத்தியும் ஒரே கட்டடத்தின் இரண்டு பக்கங்கள். இதைச் சேர்த்த பிறகு என் முதல் வரைவு எப்படி நிற்கும்?

ஒத்திகை நின்றுபோன அடுத்த வாரம் டோரீன் ரஸ்ஸின் கொட்டகைக்குப் போனார். அங்கே நடந்ததை இருவருமே தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின.

ரஸ் துப்பாக்கிக் குழலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வேற ஆள் பார்த்துக்கறேன். நீ கவலைப்படாத."

"வேற ஆள் வேண்டாம். நான் வர்றேன். ஓட மட்டும் மாட்டேன்."

"அவ ஓடலன்னா அங்க என்ன இருக்கு டோரீன்? ஒரு கல்லு. கூட்டம் ஃபோனைப் பார்த்துட்டு நிக்கும்."

"கூட்டம் அழணும். அதானே உனக்கு?"

"கூட்டம் கிடக்கட்டும்!"

கத்திவிட்டுக் குழலைக் கீழே வைத்தார். டோரீன் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை.

"நான் ஒண்ணு கேட்கிறேன். இடுகாட்டுல தேங்க்ஃபுல் குடும்பத்து வரிசையில சின்னச் சின்னக் கல்லு இருக்கே, ஜோதம் செத்த அதே கோடையில செத்த குழந்தைங்க. அதை மட்டும் ஏன் தாண்டித் தாண்டிக் கூட்டிட்டுப் போற?"

"அவங்க சிப்பாய் இல்லையே."

"ரஸ்."

"அந்தக் காலத்துல குழந்தைங்க எதுலதான் சாகல? வயித்துப்போக்கு, தொண்டை நோய்… அவதான் அம்மையைக் கொண்டு வந்தான்னு யாருக்குத் தெரியும்?" இங்கே அவர் குரல் பிசிறியது. ரஸ் இதை என்னிடம் சொல்லவில்லை. டோரீன் சொன்னது. "நான் ஏணி ஏறினதுக்கப்புறம் எங்கம்மா ரெண்டு வாரம்தான் இருந்தாங்க. அந்த மாடியில இன்னும் சில பேரு. மிஸஸ் ஆல்காட், நமக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தாங்களே, அவங்க. எனக்கு அப்ப லேசா தொண்டை கரகரப்பு. தூசின்னு நினைச்சேன். கூரை வேலையில எப்பவும் இருக்கறதுதான்."

டோரீன் பக்கத்திலிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

"யாராவது ஒருத்தர் கேட்டிருந்தாப் பரவாயில்ல" என்றார் ரஸ். "ஏன்டா போனேன்னு. எல்லாரும் கை தட்டினாங்க."

[இங்கே டோரீன் ஆறுதலாக ஏதாவது சொன்னதாக எழுதிப் பார்த்தேன். அவர் சொல்லவில்லை. துணியை எடுத்துத் துப்பாக்கியின் கட்டைப் பகுதியைத் துடைக்க ஆரம்பித்தாராம். போகும்போது, "நினைவு நாளுக்கு வந்துடறேன். எனக்குத் தோணறதைச் செய்வேன்" என்றாராம். ரஸ் "செய்" என்றாராம். அவ்வளவுதான்.]

5

நினைவு நாள் நல்ல வெயில். தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் கோழி வாட்டும் புகை திடல் முழுக்கப் பரவியிருந்தது. வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். பெக் வந்திருந்தாள். தலைமுடி அடர்ந்து வளர்ந்து, தோளில் புரண்டது. அம்மா நடிப்பதை முதல் தடவையாகப் பார்க்கப் போகிறோம் என்று மடக்கு நாற்காலி வேறு தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா ஓடறதை வீடியோ எடுத்தே தீருவேன்" என்று என்னிடம் சொன்னாள். நான் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

இடுகாட்டில் ரஸ் நன்றாகத்தான் செய்தார். பாலத்தருகே குண்டடிபட்ட தச்சன், கைதிக் கப்பலில் பட்டினியால் செத்த அண்ணன் தம்பிகள், தவறுதலாகத் தன் தோழனே சுட்ட ஒருவன். ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை உரக்கச் சொல்வார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். பிறகு வெடி. நாய்கள் குரைக்கும். அது எனக்கு எப்போதுமே பிடிக்கும். வேறெங்கோ பிறந்த நான் அந்தப் பெயர்களைச் சொல்லும்போது என் வாயும் அந்த ஊர் வாயாகிவிடும்.

சாலையைக் கடந்து வயலுக்கு வந்தோம். எல்லை என்று காட்ட ஒரு கயிறு கட்டியிருந்தது. அதற்கு அப்பால், முழங்கால் உயரப் புல்லில், தனியாக அந்தக் கல். டோரீன் கையில் கூடையோடு முன்னே வந்தார். ரஸ் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார்.

"நில், பெண்ணே! ஊர்ச் சபையின் ஆணை. இதைத் தாண்டி எவரும் போகக் கூடாது."

டோரீன் நின்றார்.

கெஞ்ச வேண்டிய இடம். கெஞ்சவில்லை. கூடையிலிருந்து ரொட்டியை எடுத்துக் கயிற்றுக்கு அந்தப்புறம் தரையில் வைத்தார். பின்னால் நகர்ந்தார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அந்தக் கல்லைப் பார்த்து, காது கேட்காதவரிடம் கத்துவது போலக் கத்தினார்:

"ஜோதம்! செவலை மாடு கன்னு போட்டிருக்கு! பொட்டைக் கன்னு!"

யாரோ சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்திருக்க வேண்டும்.

"தெற்கு வேலியை உங்க தம்பி வந்து சரி பண்ணிட்டான்! கோணலாத்தான் போட்டிருக்கான், நீங்க வந்து திட்டிக்கலாம்! குழந்தைக்குப் பல்லு வந்துடுச்சு!"

சிரிப்பு நின்றது. டோரீன் மூச்சு வாங்கிக்கொண்டார். அவர் முதுகைத்தான் நான் பார்த்தேன். முகத்தைப் பார்த்தது ரஸ் மட்டும்.

"நேத்து ராத்திரி பெக் கொஞ்சம் சூப் குடிச்சா! வாந்தி எடுக்கல! தலையில பூனை முடி மாதிரி முளைக்க ஆரம்பிச்சிருக்கு! அதான் கிளிஃப், அதான் நான் வரல! கேட்குதா உங்களுக்கு? வரலாம்னுதான் சொன்னாங்க! நான்தான் வரல!"

கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாத பெயர்கள். மீதிப் பேர் பெக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். பெக் ஃபோனைத் தாழ்த்தினாள். அவள் எழுந்தபோது மடக்கு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நேராக நடந்துபோய் அம்மாவின் பக்கத்தில், கயிற்றுக்கு இந்தப்புறம், நின்றாள். கட்டிப்பிடிக்கவில்லை. இருவரும் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பாவுக்குக் கேட்டுதா?" என்றாள் பெக்.

"எங்க கேட்கும்? ஆனா நான் கிளம்பற வரைக்கும் என்னையே பார்த்துட்டிருப்பாரு."

ரஸ் வெடிக்க வேண்டிய துப்பாக்கியை வெடிக்கவில்லை. அதை மத்தளக்காரரிடம் கொடுத்துவிட்டு, சின்னக் கொடியை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டி, புல்லை விலக்கி நடந்துபோய், தானே கல்லருகே ஊன்றினார். திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று. யாரும் ஃபோனைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் கூட்டத்தை மறுபடி இடுகாட்டுக்குள் அழைத்துப் போனார். அந்தச் சின்னக் கற்களுக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார். இவர்கள் சிப்பாய்கள் இல்லை என்று மட்டும் சொன்னார். பிறகு பெயர்களைப் படித்தார். நாங்கள் திருப்பிச் சொன்னோம்.

6

டோரீன் என்ன ஆனார் என்றால், அன்று மதியம் மகளோடு உட்கார்ந்து வாட்டிய கோழி சாப்பிட்டார். அதற்கப்புறம் சில மாதங்கள் பெக் அடிக்கடி கோபப்பட்டாள், காரணம் சொல்லாமல். பிறகு வாராவாரம் வரத் தொடங்கினாள். ஒரு நாள் இருவரும் அந்தப் பூப்பாத்திக்குப் போய்வந்ததாகக் கேள்வி. இது என் கதையில் சேராது, ஆனாலும் உங்களுக்குச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

தேங்க்ஃபுல் பாக்கி இருக்கிறாள். அவளுக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவள் போனாள். இருட்டும்வரை காத்திருந்து எல்லையைத் தாண்டி, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அம்மை அவளுக்கும் வந்து, தழும்போடு பிழைத்தாள். அந்தக் கோடையில் ஊரில் சின்னச் சவப்பெட்டிகள் செய்யப்பட்டன. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

இரண்டு: அவள் போகவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் அசைவது நிற்கும்வரை நின்றாள். கிழவியாகிச் சாகும்வரை அந்தச் சாலையில் நடக்கவில்லை.

மூன்று: அவன் அவளைப் பார்த்துவிட்டான். தலையைச் சிரமப்பட்டுத் தூக்கி, வராதே என்று கையை —

[இதை எழுதி முடித்தால் எல்லோருக்கும் நிம்மதி. அதனால்தான் விட்டுவிட்டேன்.]

அடுத்த வருஷத்திலிருந்து அந்த வயலில் யாரும் நடிப்பதில்லை. ரஸ் கயிற்றருகே நின்று, தெரிந்ததை மட்டும் சொல்கிறார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கிறார்.

எப்போதும் யாராவது ஒருவர் சட்டென்று சொல்லிவிடுவார்: "கண்டிப்பாப் போயிருப்பேன்." ரஸ் தலையாட்டுவார். கோபமில்லாமல் கேட்பார்: "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

இன்னொருவர், "போயிருக்க மாட்டேன், அதுதான் புத்திசாலித்தனம்" என்பார். ரஸ் அவரிடமும் அதே குரலில் கேட்பார்: "அங்க கிடக்கிறது யாரு?"

அதற்கப்புறம் பதிலுக்குக் காத்திருப்பார். அவர் யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

நானும் அவசரப்படுத்தவில்லை. உங்கள் வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள்? அங்கே புல்லில் கிடப்பது யார்?